நிறைந்துபோன தொட்டி

கிளைவ்,

நேற்று நீ சுரங்கத்திலிருந்து போனில் பேசும்போது இருமல் சத்தம் கேட்டு, "வீட்டுல யாரை ஒளிச்சு வச்சிருக்க?" என்று கத்தினாயே. பக்கத்து வீட்டு கிளெனிஸைத்தான். பிரிந்துபோன கணவன் ராஸ் அவளைத் தேடி வந்திருக்கிறான். அவள் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்தேன்.

கெடுத்ததும் நான்தான். நம் குப்பைத்தொட்டி நிறைந்ததால் மீதியை அவள் தொட்டியில் போட்டு, பழக்கதோஷத்தில் குப்பை வண்டிக்காகத் தெருவோரம் வைத்துவிட்டேன். எதிர்வீட்டு மெர்வ், ராஸ் காதுபடவே சிரித்தான்: "ஏம்மா நோலீன், ஊர்ல இல்லாதவ தொட்டி எப்படி நிறைஞ்சுது?"

அதிலிருந்து ராஸ் மெர்வின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். நான் வேலைக்குப் போகாவிட்டால் சந்தேகம் வலுக்கும். போகிறேன்.

இன்று நீ வந்ததும் சாப்பிட ஆட்டுக்கறி அடுப்பில் இருக்கிறது. பின்னறைக் கதவைத் தட்டி உன் பெயரைச் சொல். இல்லாவிட்டால் பயந்துவிடுவாள்.

பி.கு. என்மேல் உள்ள கோபத்தை அவளிடம் காட்டாதே.

இன்னொன்று: மேசையில் ஒரே தட்டு வை. எதிர்வாசலிலிருந்து நம் சமையலறை நன்றாகத் தெரிகிறது.