இன்னும் செட்டில் ஆகாதவன்

மார்ச் 14, வெள்ளி

தூக்கம் வரவில்லை. இன்று மகள் நிலாவின் நாலாம் கிளாஸில் டெக்சாஸ் ஹிஸ்டரி; பிள்ளைகள் பேசுவதைக் கேட்கப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். பின்வரிசையில் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். ஆற்றங்கரையில் சில மரவீடுகளோடு கிடந்த வாட்டர்லூவைத் தலைநகராக்கி, ஆஸ்டின் என்று பேர் வைத்த கதையை நிலா சொன்னாள். முன்பே அங்கே இருந்தவர்களை விரட்டியதையும் விடாமல் சொன்னாள். என் மகள்!

அப்புறம்தான் வினை. யாருக்காவது செட்லர்ஸை, அதாவது புதுசாய்க் குடியேறி ஊரை உண்டாக்குகிறவர்களை, தெரியுமா என்று டீச்சர் கேட்டார். நிலா கையைத் தூக்கினாள். அவள் இங்கிலீஷில் சொன்னதைப் பாதி தமிழில் எழுதுகிறேன்: "மை அப்பா! பட் நாட் யெட். எவ்ரி சண்டே பெரிய தாத்தா திருச்சியிலேர்ந்து போன் பண்ணி, 'என்னடா, செட்டில் ஆயிட்டியா?'ன்னு கேப்பார். அப்பா, 'இன்னும் இல்ல'ம்பார்."

கிளாஸே சிரித்தது. இத்தனை வருஷமா கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவன் வேறென்ன சொல்வது?

திரும்பும்போது காரில், "ஏன்டி மானத்தை வாங்கினே?" என்றேன்.

"அப்பா, செட்லர்ஸ் வேர் நாட் செட்டில்ட். தே ஜஸ்ட் ஸ்டார்ட்டட்."

ஃப்ரீவேயில் எங்கள் எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சிப் பெரியப்பா கேட்கட்டும். "இல்ல பெரியப்பா, ஊரையே இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்"னு சொல்லப்போறேன்.