காலுக்கு இதமான சூடு

மார்ச் 4
இறைவன் துணை

என் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

நேற்று கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பாப்பா, மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சாட்சிக்கு அவருடன் வேலை பார்க்கும் இரண்டு பேர், நான். ஆக ஆறு பேர். "அப்பா வரலையாம்மா?" என்று அங்கே எழுதுகிறவர் கேட்டார். "வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துட்டு இருக்கார்" என்றேன். பொய் இல்லை, அது உங்களுக்கு வகுப்பு நேரம்தான்.

பாப்பா உள்ளே அழவில்லை. வெளியே வந்தபோது டிரைவிங் பள்ளி வண்டி ஒன்று தெருவில் திரும்பியது. எட்டிப் பார்த்தாள். வேறு பள்ளி வண்டி. அப்போதுதான் அழுதாள்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. நேரில் வந்தால் பள்ளியின் இன்னும் தூரமான கிளைக்குப் போய்விடுவேன் என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொண்டுபோன சட்டை நான்கு, துண்டு ஒன்று. சர்க்கரை மாத்திரை மாதக் கடைசியோடு தீர்ந்திருக்கும், வாங்கினீர்களா?

உங்கள் கிளையில் இருக்கும் கிளார்க் அம்மா போனில் என்னிடம் பேசினார். மாஸ்டர் ராத்திரி தூங்குவதே இல்லை, பகலில் வகுப்பில் கண் சொக்குகிறார் என்றார். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் நீங்கள் தூங்கினால் பிரேக்கை யார் மிதிப்பது?

வீட்டில் செய்வதைச் செய்யுங்கள். டீ போடும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவையுங்கள். வாளியில் ஊற்றிப் பச்சைத்தண்ணீர் கலந்து, கணுக்கால் மூழ்கும்படி வைத்து உட்காருங்கள். உங்கள் காலுக்கு இதமாக இருக்கும் அளவு சூடு போதும். ஆறுவதற்குள் எடுத்து, விரலிடுக்கு வரை துடைத்துவிட்டுப் படுங்கள். அந்த நேரம் போனைப் பார்க்க வேண்டாம். மனசு தானாக இறங்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்யும் ஜெபத்தை இங்கிருந்தே செய்துகொள்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

ஏதாவது விட்டுப்போயிற்றா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்


மார்ச் 11

கணக்கம்மாவுக்கு,

கடிதம் வந்தது. ஆறு பேர் என்று எண்ணி எழுதியிருக்கிறாய். ஏழாவது ஆளுக்காக எழுதிய கணக்கு என்று எனக்குத் தெரியாதா?

அவனை மாப்பிள்ளை என்று எழுதாதே. கிளட்ச்சை விடத் தெரியாமல் என் வண்டியை நடுரோட்டில் உதறவிட்டவன் அவன். பக்கத்தில் உட்காரவைத்து "மெதுவா விடுப்பா, மெதுவா" என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்குப் போகிற வழிதானே என்று பின்சீட்டில் என் மகள் தினமும் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பாருங்கள் என்று ஊருக்கே சொல்லித்தருகிறவன் நான். எனக்குப் பின்னால் நடந்தது எனக்குத் தெரியவில்லை. பழைய கிளையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். அங்கே எந்த முகத்தோடு நான் சாவியைக் கையில் எடுப்பது?

அது போகட்டும். வெந்நீரில் கால் வைத்தேன். தூக்கம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் வைக்கிற மாதிரி இல்லை. இந்த ஊர்த் தண்ணீருக்குச் சூடே ஏறவில்லை. அதனால் பச்சைத்தண்ணீரைக் குறைத்துவிட்டேன். நடுவில் இன்னொரு கெட்டிலும் ஊற்றிக்கொள்கிறேன். புதுச் செருப்பு வலது காலைக் கடித்திருக்கிறது போல, கொப்புளமாக இருக்கிறது. வலி ஒன்றுமில்லை. அதனால் ஒரு நாளும் விடாமல் வைக்கிறேன்.

மாத்திரை வாங்க வேண்டும்.

பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் கேட்டதாகச் சொல்லாதே.

மாஸ்டர்


மார்ச் 17
இறைவன் துணை

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் இப்போது இருப்பவர்கள்: நான், பாப்பா, மாப்பிள்ளை. எழுதாதே என்றீர்கள். எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் கைக்கு வந்ததே மூன்று நாள் முன்புதான். செருப்பு என்ற இடத்தைப் படித்ததும் பாப்பாவைக் கூப்பிட்டேன். மூவரும் உடனே கிளம்பி வந்தோம். காய்ச்சலில் பேச்சில்லாமல் கிடந்தீர்கள். காலைப் பார்த்துவிட்டுப் பாப்பா என் கண்ணைப் பொத்தினாள். உங்களைத் தூக்கிப் பின்சீட்டில் பாப்பா மடியில் கிடத்தி, உங்கள் பள்ளி வண்டியிலேயே கொண்டுவந்தோம். ஓட்டினது மாப்பிள்ளைதான். அத்தனை வளைவிலும் வண்டி உதறவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் என்று நினைத்தேன். பிறகு கேட்டால், "மாமா சொன்னதைத்தான் அத்தை சொல்லிட்டு வந்தேன். மெதுவா விடு, மெதுவா விடுன்னு" என்கிறார்.

நேற்று நினைவு வந்ததிலிருந்து யாரும் உள்ளே வரக்கூடாது என்கிறீர்கள். சரி, வரவில்லை. இதை நர்ஸ் பெண் கொண்டுவந்து தருவாள். இதை மட்டும் படியுங்கள்.

செருப்பு கடிக்கவில்லைங்க. வெந்நீர். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது என்று போன வருஷமே டாக்டர் சொன்னார். "என் காலை எனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறேன்" என்று சண்டைக்குப் போனீர்கள். உங்களோடு வாதாடி முடியாது என்று, அன்றிலிருந்து நான் என் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் வாளியை உங்கள் முன்னால் வைப்பேன். பாப்பாவைக் குளிப்பாட்டிய காலத்துப் பழக்கம். உங்களுக்கு இதமாக இருந்தது என் முழங்கைக்கு இதமான சூடு. கை அதுவாகச் செய்கிற வேலை என்பதால் எழுதும்போது நினைவுக்கு வரவே இல்லை. உங்கள் காலுக்கு இதமாக என்று எழுதிவிட்டேன். இரண்டு முறை படித்துப் பார்த்தும் விட்டுப்போனது தெரியவில்லை. கடவுளிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், மூன்று நாளாக அவரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

வெந்த புண் வலது பாதத்தில் அழுகி ஏறிவிட்டது, அதை எடுத்துவிட வேண்டும், நாளைக் காலையைத் தாண்டினால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்கிறார் டாக்டர். நீங்கள் கையெழுத்துப் போட மறுத்து, "காலோட வந்தேன், காலோட போறேன்" என்றீர்களாம். பிரேக் மிதிக்கிற கால் அது. அது இல்லாமல் மாஸ்டர் ஏது என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அந்த மாஸ்டர் சீட்டை உங்களுக்குத் திருப்பித் தர என்னால் முடியாது.

பாப்பா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிடுகிறாளா என்று கேட்டீர்களே, இல்லை. நீங்கள் கேட்டதை அவளிடம் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

என் மேல் கோபம் என்றால் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து, காலம் பூராவும் காட்டுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதி நர்ஸ் பெண்ணிடம் கொடுங்கள். வாசலிலேயே நிற்கிறேன். சீக்கிரம் பதில் கொடுங்கள்.

உங்கள் கணக்கம்மா