மூவிரல் ஆணை கேட்ட அரசியாருக்கு

வளமும் வாய்மையும் நிலைபெறுக. மலை ஏழும் அருவி பதினெட்டும் உடைய நெடுவரை நாட்டை ஆளும் வேந்தர், வரைகாத்த அடலேறனார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகமும் அமைச்சருமாகிய நல்லழிசியார் எழுதுவிக்கும் ஓலை. உப்பங்கழியை அகழியாகவும் அலையோசையை முரசாகவும் கொண்ட நீர்முக நாட்டுப் பேரரசி, ஒளிவளை நங்கையார் திருமுன் இது படிக்கப்படுவதாக. அரசியார் நலமும், இளவரசியார் நலமும், பட்டத்து யானையின் பல்வலி தீர்ந்த செய்தியும் அறிந்து எம் அவை மகிழ்ந்தது.

அரசியார் சென்ற ஓலையில் இரண்டு பொருள் கேட்டிருந்தீர்கள். எம் நாட்டு வேட்டைக்குரிய மூவிரல் ஆணையின் படி ஒன்று. அம்பளக்கும் வெண்கல வளையம், அதுபோல் வார்த்துக்கொள்வதற்காக, ஒன்று. கூடவே, அந்த ஆணை உள்ளபடியே கடைப்பிடிக்கப்படுகிறதா, அதனால் பயன் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலிரண்டை மட்டும் கேட்டிருந்தால் இந்த ஓலை ஒரு விரற்கிடையில் முடிந்திருக்கும்.

ஆணை பிறந்த கதை முதலில். வேந்தரின் தந்தையார், மூத்தவேந்தர் பரிவாளனார் காலத்தில், எவனோ ஊசி போன்ற அம்பால் எய்த பெண்மான் ஒன்று, சாகவும் மாட்டாமல் பிழைக்கவும் மாட்டாமல், அரண்மனைப் பூந்தோட்டத்துள் வந்து விழுந்தது. மூன்று நாள் அது கிடந்த கிடையை மூத்தவேந்தர் உணவும் கொள்ளாமல் அருகிருந்து பார்த்தார். நான்காம் நாள் செப்பேட்டில் வெட்டச் சொன்னவை இவை: மான், கடமா, பன்றி ஆகிய பெருவிலங்கை மூவிரல் அகலத்தில் குறைந்த அலகுடைய அம்பால் எய்யற்க, அம்பைக் காட்டுவாயிலில் வளையத்தால் அளக்க, வாயில் அளந்து விடுத்த அம்புக்கு வாயிலே பொறுப்பு, அளவில் பிழைத்தார் கருவியை ஒடிக்க. அந்த நெஞ்சின் ஈரத்தை இவ்வமைச்சர் இன்றும் வணங்குகிறார். குறை ஈரத்தில் இல்லை, வளையத்தில் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

காட்டுவாயிலில் பத்தொன்பது ஆண்டுகளாக அம்பளந்தவர் கீரந்தையார் என்பவர். ஒல்லியான மனிதர், ஆனால் விதி என்றால் இரும்பு. விடியலில் வளையத்தைப் புளியிட்டுத் துலக்கி, தம் முகம் அதில் தெரிந்த பிறகுதான் வாயிலைத் திறப்பார். அம்பின் அலகு வளையத்துள் நுழைந்து போனால் அது சிறிய அம்பு, முயலுக்கும் கௌதாரிக்கும் மட்டும் ஆகும். நுழையாமல் நின்றால் பெரிய அம்பு, பெருவிலங்கு வேட்டைக்கு உள்ளே போகலாம். ஒருமுறை வேந்தரின் அம்பையே வளையத்தில் இட்டுப் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டார் என்றால் அரசியாருக்கு ஆளின் தன்மை விளங்கும்.

இனிச் சொல்லவிருப்பது நாட்டுக்குப் பெருமை தருவதன்று. விளாங்குறிச்சி வேட்டுவர் நாற்பது குடியினரிடமும் சேர்த்து மூவிரல் அம்புகள் மூன்றே மூன்றுதான் இருந்தன. அவற்றுக்குப் பெரியவர், நடுவர், இளையவர் என்று பெயரும் இட்டிருந்தார்கள். வேட்டுவன் ஒருவன் பெரியவரைக் காட்டி, முயலுக்கென்று சிறிய அம்புகளையும் எடுத்துக்கொண்டு வாயிலைக் கடப்பான். கடந்ததும் முள்வேலிச் சந்தின் வழியே பெரியவரை வெளியே நீட்டுவான். வரிசையில் அடுத்து நிற்பவன் அவரை வாங்கிக்கொண்டு வருவான். அந்த மூவரும் ஒருநாளும் நாணேறியதில்லை. தைத்திருநாளில் அவர்களுக்கு மஞ்சள் தடவி, பூச்சூட்டி, பொங்கலும் படைத்து வந்தார்கள்.

கீரந்தையாருக்கு இது தெரியாதோ என்று அரசியார் ஐயுறலாம். நன்றாகவே தெரியும். பெரியவரின் காதில் ஒரு வெட்டு, நடுவரின் காம்பில் ஒரு வளைவு, இளையவருக்கு முனை மழுங்கல். தம் மக்களை அறிவதுபோல் அவர் மூவரையும் அறிவார். முதலாண்டில் சினந்து முறையிட எழுந்தவர்தான். ஆனால் வாயிலில் இருப்பவர் கண்ணுக்கு, உள்ளே போவது மட்டுமா தெரியும், வெளியே வருவதும் தெரியுமே. விளாங்குறிச்சியார் கொண்டுவந்த விலங்குகளில் ஒரே ஒரு துளை இருந்தது, அதுவும் முன்னங்காலுக்குப் பின்னால், இருக்கவேண்டிய இடத்தில். அகன்ற அம்போடு போன பெருங்குடிப் பிரபுக்களோ வெறுங்கையோடு வந்து, எய்தது பட்டது, ஓடிவிட்டது என்று சொல்லிப் பல்லக்கேறினார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில், காயத்தோடு ஓடிச் செத்த விலங்கைத் தேடிக் காட்டின்மேல் பருந்து வட்டமிட்டது. எந்தப் பிரபு போன பின் பருந்து வந்தது என்று கீரந்தையார் மனத்துள் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டு, வாய் திறவாமல் வளையத்தைத் துலக்கினார். விதி காத்தவரும் அவரே, விதி பொய்த்ததைப் பார்த்தவரும் அவரே.

சென்ற ஆவணியில் வேந்தர் வேட்டைக்கு எழுந்தருளினார். உடன் வந்தவர் வேந்தரின் மைத்துனர், பெருந்தோட் சாத்தனார். அவருடைய அம்பின் அலகு ஐவிரல் அகலம். வெற்றிலைத் தட்டுக்கு மூடியாக வைக்கலாம். வளையத்தின் அருகே கொண்டுபோகவும் தேவையின்றிக் கீரந்தையார் வழிவிட்டார். வில்லோ, விருந்துண்ட கைக்கு ஏற்ற மெல்லிய வில். காட்டில் கிழப்பன்றி ஒன்றைக் கண்டு சாத்தனார் எய்தார். அம்பு தளர்நடையாய்ப் போய்ப் பன்றியின் பின்புறத்தில் இரண்டு விரல் ஆழம் இறங்கி, கொடிபோல் ஆடி நின்றது. பன்றி திரும்பிப் பார்த்தது. எய்தவர் அதற்குள் யானைமேல் இருந்தார். ஆகவே அது வேந்தரை நோக்கி வந்தது.

வேந்தர் அருகிருந்த மருதமரத்தின் இரண்டாம் கிளைமேல் எழுந்தருளினார். உடைவாளும் பாதக்குறடு ஒன்றும் கீழே தங்கின. இவ்வமைச்சர் முதற்கிளையில் இடம்பெற்றார். வேந்தரின் திருவடிக்குக் கீழே இருப்பதே அமைச்சருக்கு முறை. பன்றி மரத்தின் வேரைப் பறிக்கத் தொடங்கியது. மெய்க்காவலர் எங்கே என்று அரசியார் கேளாதிருப்பீர்களாக.

அப்போது போகிற போக்கில் கௌதாரிக்குக் கண்ணி வைத்துக்கொண்டிருந்த விளாங்குறிச்சி வேட்டுவச்சி கொற்றி என்பாள் புதரிலிருந்து எழுந்தாள். ஒருவிரல் அம்பொன்றைத் தொடுத்தாள். பன்றி பக்கவாட்டில் திரும்பும்வரை மூச்சடக்கி நின்றாள்; அந்த நேரம் இவ்வமைச்சருக்கு ஓர் ஊழியாகக் கழிந்தது. அம்பு போனதைக் கண்டவர் இல்லை. பன்றி நான்கடி நடந்து படுத்துவிட்டது. அவள் அதன் நெற்றியில் கைவைத்து, அது அடங்கும்வரை அமர்ந்திருந்தாள். பிறகு மேலே பார்த்து, சாமி தானாக இறங்குகிறீர்களா, கொடி அறுத்துக்கொண்டு வரட்டுமா என்று வினவினாள். கொடி தேவைப்பட்டது.

பரிசளிக்க வேந்தர் கழுத்து மாலையைக் கழற்றும்போதே சாத்தனார் யானையிலிருந்து இறங்கிவந்து, பெருவிலங்கின்மேல் ஒருவிரல் அம்பு பாய்ந்துள்ளதே, இது மூத்தவேந்தர் ஆணைக்கு மாறன்றோ என்று முழங்கினார். நாணம் மிகுந்தவர் விதியைப் பற்றிக்கொள்வது எங்கும் உள்ளதே. வேந்தரின் கை மாலையிலேயே நின்றுவிட்டது. தந்தையின் ஆணையில் ஓரெழுத்தும் மாற்றுவதில்லை என்று முடிசூடிய நாளில் சூளுரைத்தவர் அவர்.

மறுநாள் காட்டுவாயிலில் அவை கூடிற்று. கொற்றியின் அம்பைக் கீரந்தையார் வளையத்தில் இட்டார். அது விளிம்பிலும் படாமல் கீழே விழுந்தது. ஆணைப்படி அவள் வில் ஒடிக்கப்படவேண்டும். மூன்று மழைக்காலம் புகையில் பதமிட்ட மூங்கில் வில் அது. ஒடிந்தால் இன்னொன்று பதமாகும்வரை அவள் வீட்டு உலை எரிய வழியில்லை. கொற்றி அழவில்லை. ஒடிப்பதானால் அந்தப் பன்றியை முதலில் எழுப்பி மரத்தடியில் நிறுத்துங்கள், நான் பார்த்துக்கொண்டு சும்மா போகிறேன் என்று மட்டும் சொன்னாள். வேந்தர் இவ்வமைச்சரைப் பார்த்தார். இவ்வமைச்சர் செப்பேட்டைப் பார்த்தார். செப்பேட்டில் இரக்கம் எழுதியிருக்கவில்லை.

கீரந்தையார் வளையத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். பத்தொன்பது ஆண்டு கட்டிக்காத்த நற்பெயர் ஒருபக்கம், அந்த மூங்கில் வில் ஒருபக்கம். பின்னர் அவர் அவையை வணங்கி விண்ணப்பித்தார்: வேந்தே, இவள் நேற்று வாயிலில் காட்டியது நடுவரை. நடுவரை அடியேன் பத்தொன்பது ஆண்டுகளாக அறிவேன். அவர் காட்டுக்குள் பத்தடிக்குமேல் போனதில்லை என்பதும் அறிவேன். அறிந்தேதான் விடுத்தேன். வாயில் அளந்து விடுத்ததற்கு வாயிலே பொறுப்பு என்கிறது செப்பேடு. ஆகையால் அளவில் பிழைத்தவன் அடியேன். ஒடிக்கவேண்டியது என் கருவி.

இதைச் சொல்லி வளையத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். பருந்துகளின் கணக்கையும் அவையறியச் சொன்னார். பிரபுக்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கியபோது சிலர் இருமினார்கள்.

வளையம் உடைந்தால் இனி எதைக்கொண்டு அளப்பது என்று சாத்தனார் பதறினார். ஆணையில் ஓரெழுத்தும் மாறாது மைத்துனரே, அதை நிறைவேற்றத்தானே போகிறோம் என்று வேந்தர் அருளினார். கொல்லன் வந்தான். கீரந்தையார் தாமே வளையத்தைப் பட்டடைமேல் பிடித்துக்கொண்டார். இரண்டடியில் அது இரண்டாயிற்று. கொற்றியின் வில்லுக்கு அழாத கண்கள் எல்லாம் அந்த ஒல்லி மனிதரைப் பார்த்து நனைந்தன; இவ்வமைச்சர் கண்ணும் நனைந்தது என்று எழுதுவதில் இழுக்கில்லை.

ஆணை செப்பேட்டில் அப்படியே இருக்கிறது. அளக்கத்தான் ஒன்றுமில்லை. அதன் பக்கத்தில் வேந்தர் புதியதொன்று சேர்த்தார். காட்டுவாயிலில் நாற்பதடித் தொலைவில் ஒரு பூசணிக்காய் தொங்கும். அதில் உள்ளங்கையளவு சுண்ணாம்பு வட்டம். வேட்டைக்குப் போவார் யாராயினும், எந்த அம்பாயினும், மூன்று எய்யவேண்டும். மூன்றும் வட்டத்துள் பட்டு மறுபுறம் வெளிவந்தால் வழி உண்டு. ஒன்று பிழைத்தாலும் அன்றைக்கு வீடு. கொற்றிதான் முதலில் எய்தாள். அவள் எய்த பூசணியைக் குழம்புக்கு நறுக்கும் வேலை மிச்சமாயிற்று. சாத்தனாரும் எய்தார். ஓரம்பு கீரந்தையாரின் மோர்ப்பானையை உடைத்தது. மற்ற இரண்டும் இன்றுவரை தேடப்படுகின்றன. பருந்துகள் இப்போது வேறு காடு பார்த்துப் போய்விட்டன.

ஆகவே அரசியார் கேட்டதற்கு மறுமொழி: மூவிரல் ஆணை வாயிலில் தவறாமல் கடைப்பிடிக்கப்பட்டது, காட்டில் ஒருநாளும் கடைப்பிடிக்கப்படவில்லை. மான் துடிக்கலாகாது என்ற எண்ணம் பொன். அது எய்பவன் கையிலும் கண்ணிலும் இருக்கவேண்டியது. அதை அலகின் அகலத்தில் தேடியதே எங்கள் பிழை. இந்த ஓலையுடன் செப்பேட்டின் படியும், நல்ல பூசணி விதை ஒரு பிடியும், மாலை சூட்டிய நிலையில் பெரியவரும் வருகிறார்கள். பெரியவரை எய்துவிடாதீர்கள், அவருக்குப் பழக்கமில்லை.

வளையமும் வருகிறது, பாதியாக. மற்றைப் பாதி இப்போது பூசணிக்காவலராக இருக்கும் கீரந்தையாரிடம் உள்ளது. விடியலில் இன்றும் அதைப் புளியிட்டுத் துலக்கி, முகம் பார்த்த பிறகே வாயிலைத் திறக்கிறார். அந்தப் பாதியை எந்நாட்டு அரசரும் எக்காரணத்தாலும் கேட்கலாகாது என்பது வேந்தர் கட்டளை.

மருதமரக் கிளை பொறித்த புதிய அரச இலச்சினையிட்டு, நல்லழிசியார் கைச்சாத்து.