பாயில் சிந்திய வெல்லத் தண்ணீர்

1966, ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

பாயசம் வைத்தது என் தப்பு. வல்லத்திலிருந்து அண்ணன் வந்திருந்தாரே என்று வைத்தேன்.

அண்ணனுக்கும் இவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் வயிற்றுப்புண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. அண்ணனுக்கு இரைப்பையை வெட்டாமல் குடலோடு இணைத்ததோடு சரி. இவருக்கு முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். இனிப்பு சாப்பிட்டால் நேரே குடலில் இறங்கி, ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறி, பிறகு ஒரேயடியாக இறங்கிவிடும், அப்போது உடனே வெல்லமோ சர்க்கரையோ கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாக, ராத்திரியிலும் சாப்பிடச் சொன்னார். நாங்கள் ஜைனர். பொழுது சாய்ந்தால் இவர் தண்ணீர் தவிர எதையும் தொட மாட்டார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலியே மாப்ள. பொழுது போறதுக்குள்ள சாப்டுங்க" என்றார் அண்ணன். இவர் ரெண்டு டம்ளர் குடித்தார்.

அண்ணன் பஸ் ஏறிப் போனார். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் இவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என்னைப் பார்த்தே யார் என்று கேட்டார். வெல்லத்தைக் கரைத்து வாயில் ஊற்றினேன். பாதி பாயில் சிந்தியது.

தெளிந்ததும், "இன்னா குடுத்த?" என்றார்.

"தண்ணிதான்."

உதட்டை நக்கிப் பார்த்தார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விரதத்தை உடைத்தேன், பொய்யும் சொன்னேன். நாளைக்கு இப்படி வந்தாலும் இதையேதான் செய்வேன்.

இப்போது பாயோரம் எறும்பு சாரை சாரையாக வருகிறது. விடிந்ததும் இவர் கண்ணில் படும். துடைக்கத் துணியை எடுத்தேன். துடைத்தால் அத்தனையும் செத்துப்போகும். கீழே வைத்துவிட்டேன்.