முப்பத்தெட்டு வரிசைகள்

இன்று காலை ஒன்பதாம் வகுப்பில் புரொஜெக்டரைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாடை வந்தது. உடனே உன்னைத் தேடித் திரும்பிவிட்டேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. கழுத்துக்கு இன்னும் அது தெரியவில்லை.

நான் வரலாறு, நீ கம்ப்யூட்டர். ஆவடியில் நம் பள்ளி ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலிகள். ராஜராஜ சோழன் வெள்ளைக்காரர்களோடு போரிட்டதாக ஒன்பதாம் வகுப்பு மாணவி நந்தினி எழுதியிருந்த விடைத்தாளைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ சிரிக்கவில்லை.

"அவளுக்கு எல்லாமே 'அந்தக் காலம்'தான்டி. எவ்ளோ தூரம்னு கண்ணால பாத்தாதானே தெரியும்?" என்றாய்.

மறுநாளே எக்செல்லில் ஒரு காலக்கோடு கொண்டுவந்தாய். ஒரு கட்டம் பத்து ஆண்டு. ஆட்சிக்கு ஒரு நிறம். சோழர்களின் மஞ்சளில் தொடங்கித் திரையை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனாய். வெள்ளைக்காரர்களின் பழுப்பு வரவே இல்லை. "இன்னா மிஸ், போய்கினே கீது!" என்று கடைசி பெஞ்சு கத்தியது. அன்றுதான் என் பாடத்தின் நீளத்தை நானே பார்த்தேன்.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் நந்தினி எழுந்தாள். "மிஸ், இதுல எங்க ஊடு எங்க கீது?"

நான் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். நீ அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். "கேட்டுகினு வா, போட்டுறலாம்." ஒரு மாதத்தில் அரசர்களுக்குக் கீழே முப்பத்தெட்டு குடும்பங்கள் வரிசை வரிசையாக நின்றன. யார் வயல் எப்போது தொழிற்சாலை ஆனது, யார் எந்த ஊரிலிருந்து எந்த ஃபிளாட்டுக்கு வந்தார்கள், எல்லாம் நிறம் நிறமாக. பாடம் முடியவில்லையே என்ற பதைப்பு எனக்கு. பள்ளி ஆய்வு என்று அறிவிப்பு வந்ததும், பாடத்தில் இல்லாதது கண்ணில் படுமே என்று பயந்துபோய், யாரையும் கேட்காமல், அந்த முப்பத்தெட்டையும் அழித்துச் சேமித்துவிட்டேன். வேறு நகல் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

"மறைச்சு வெச்சிருக்கலாமேடி. ரெண்டு கிளிக். அழிச்சா போட்ட?" என்றாய். எழுந்து வகுப்புக்குப் போய்விட்டாய். அதன்பின் ஒன்பது நாள் நாற்காலிகள் மட்டும் அருகருகே இருந்தன. மன்னிப்பைத் திங்கட்கிழமை கேட்கலாம் என்று வைத்திருந்தேன். சனிக்கிழமை உன் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நான் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தபோதே நீ இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வகுப்புக்குப் போனேன். "உங்க வரிசைய அழிச்சது நான்தான்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நந்தினிதான் முதலில் பேசினாள்: "பரவால்ல மிஸ், மறுக்கா கேட்டுகினு வரோம்."

இரண்டு நாள் கழித்து அவள் அம்மாவே வந்தார். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், புடவைமேல் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

"மறுக்கா எழுதறீங்களாமே டீச்சர்? போன தபா அவுங்கப்பா சொன்னதத்தான் எழுதிகினு வந்துச்சு. நெலம் போனப்போ மொத ஆளா வேலைக்குப் போனது நான். அத யாரும் கேக்கல."

அவர் சொன்ன வருடம் விழும் இடத்தில், அவர் கண்ணெதிரிலேயே ஒரு கட்டத்துக்குச் சிவப்பு அடித்தேன். திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினார். உன் கோப்பில் இல்லாத கட்டம் அது. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து ஆசிரியர் அறைவரை போய்விட்டேன்.

ஆறுதலாக எழுதத் தெரியவில்லை எனக்கு. நான் அழிக்காமல் இருந்திருந்தால் அந்தச் சிவப்பு வந்திருக்காது என்று யாராவது தேற்றினால் கோபம்தான் வருகிறது. அந்த ஒன்பது நாள் எந்தக் கட்டத்திலும் திரும்பி வராது.

இன்று வீட்டு வரிசையைக் கேட்டதும், நூம்பல் பக்கம் புதிதாகக் குடிவந்த மாணவி ஒருத்தி, "எங்க வீட்ல சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல மிஸ்" என்று தலைகுனிந்தாள். நான் அவள் பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி அடித்தது, அடுத்த ஆசிரியர் வாசலுக்கு வந்துவிட்டார், எழுந்து போக என் கால் மேசைக்கடியில் துடித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவள் பேசத் தொடங்கினாள்.