பரீட்சைக்கு ஒரு பொன்னாடை

ஜூன் 9, திங்கள்
வெயில் கொளுத்துகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றே பாதி உயிர் போயிற்று. கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தாச்சு.

ஆஸ்பத்திரியில் மீட்டிங். ஸ்ரீரங்கத்தில் புது கிளினிக் வருகிறது. டாக்டர் கிடையாது. பிஎச்.டி. முடித்த நர்ஸே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம். எனக்கு வேண்டும் அது. எத்தனை வருஷம் ஐ.சி.யூ.வில் நின்ற கால் இது! பெரிய டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார்: தனியாகத் தகுதிப் பரீட்சை. பாஸானவருக்குத்தான் கிளினிக்.

எங்கள் பிஎச்.டி. கூட்டம் பொங்கிவிட்டது. சகாயமேரி எழுந்து, "டாக்டரேட் வாங்கினவங்களுக்கு எதுக்கு சார் பரீட்சை? அவமானமா இருக்கு" என்கிறாள். அம்மணி கடைசியாக ஒரு நோயாளியின் கையைப் பிடித்தது எந்தக் காலமோ. பெயருக்கு முன்னால் டாக்டர் மட்டும் வேண்டும்.

டாக்டர்கள் அதைவிட மோசம். "இவங்க பாஸ் பண்ணிட்டா நாம எங்க போறது?" என்று ஒருவர் இளிக்கிறார். அத்தனையும் பயம்.

ஜூன் 11, புதன்
புழுக்கம். மறுபடி விவாதம். ஆறிப்போன சமோசா.

பொறுக்கவில்லை. எழுந்தேன். "பரீட்சை வைங்க சார். தெரிஞ்சவ எழுதுவா, தெரியாதவ வீட்டுக்குப் போவா."

பெரிய டாக்டருக்கு வாயெல்லாம் பல். யாரோ விருந்தாளிக்கு வாங்கி வைத்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டார். கைதட்டல். போட்டோ வேறு. மடச்சி மாதிரி கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் மைக்கில் சொல்கிறார்: வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு எனக்காம். தயாரிப்பவர் பரீட்சை எழுதக் கூடாதாம்.

போர்த்தியே ஓரங்கட்டிவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொண்டாயிற்றே, இனி என்ன பேச?

படிக்கட்டில் சகாயமேரி. "அக்கா, முக்கியமான கேள்வி மட்டும் லேசா சொல்லுங்கக்கா." தூ!

ஜூன் 12, வியாழன்
பால் பொங்கி அடுப்பெல்லாம் நாசம். புத்தி இங்கே இல்லை.

வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பும்போது, "பேசாம கேள்வியை எழுதிக் குடுத்துடு. மரியாதையான வேலைதானே" என்றார். இவர் கண்ட மரியாதை! பாத்ரூமில் போய் அழுதேன். மரியாதை யாருக்கு வேண்டும்? கிளினிக் வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி
பொன்னாடையை மடித்துப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்தேன்.

"இதை வேற யாருக்காவது போர்த்துங்க சார். நான் பரீட்சை எழுதறேன்."

"ஃபெயிலாயிட்டா அசிங்கம்மா. யோசிச்சுக்குங்க."

"தெரியாதவ வீட்டுக்குப் போவான்னு சொன்னதே நான்தானே சார்."

பெயர் கொடுத்தாச்சு. காரிடார் முழுக்க நிமிர்ந்த நடை. சகாயமேரி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஜூன் 14, சனி
லேசான தூறல். துணி காயவில்லை.

மாதிரி வினாத்தாளோடு உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே பாதி தப்பு. குழந்தைக்குக் காய்ச்சல், கர்ப்பிணிக்குச் சர்க்கரை, தோலில் படை... ஐ.சி.யூ. வாசலைத் தாண்டினால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சகாயமேரி போன். "படிக்கிறீங்களாக்கா?"

"இதுக்கெல்லாம் படிக்கணுமா? ஊதித் தள்ளிடலாம்" என்றேன்.

போனை வைத்துவிட்டு அடுத்த கேள்வி. அதுவும் தப்பு.