மின்சாரம் இல்லாத காலையில் வந்த குரல்

சயோகோவுக்கு,

ஹமாமட்சுவில் இருந்து, உங்கள் குசாகாபே பம்ப் தொழிற்சாலையின் கருவியறைக் கிழவன் குமகிச்சி வணங்கி எழுதுவது. கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி வேண்டுமாம். சரி, புயல் வந்தது. என் கூரைத் தகரம் பக்கத்து வீட்டு முள்ளங்கித் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டது. சப்போரோவில் இப்போதே குளிருமே. உன் மாமியாருக்குக் கோபம் இன்னும் தணியவில்லை என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து குளிர் காய்ந்துகொள்.

உன் அண்ணன் கோஹெய் விஷயமாகத்தான் எழுதுகிறேன். உங்கள் அப்பா காலமான பிறகு, முதலாளியாக அவர் தினமும் காலையில் எங்களிடம் பேசிய நாற்பது வருடப் பேச்சின் ஒலிநாடாக்களை டோக்கியோவில் கொடுத்து, அவர் குரலிலேயே பேசுகிற பெட்டி ஒன்று செய்து வாங்கி வந்தான். காலை எட்டு மணிக்கு, நாங்கள் வரிசையில் நின்று உடற்பயிற்சி முடித்ததும் அது பேசும். முதலில் பழைய பேச்சுதான். 'வாங்குறவன் கேக்குறதைச் செய்யாதீங்க, அவனுக்குக் கேக்கத் தெரியாததைச் செய்ங்க.' 'வருசத்துல ஒரு தப்புகூடப் பண்ணாதவன் சும்மா சம்பளம் வாங்குறான்.' எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் பெட்டி என்னைக் கூப்பிட்டது. 'ஏய் குமா, செத்தவன் பேசுறான்னு பயந்துட்டியா?' நான் விடுவேனா. 'உயிரோட இருக்கும்போதே நீங்க பேசுறதை நான் காதுல வாங்கினதில்லையே முதலாளி' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியும் சிரித்தது. சிரித்து முடித்து இருமியது. ஆஸ்பத்திரியில் கடைசிப் பத்து நாள் இருமினாரே, அந்த இருமல். அங்கே யாரும் அதை நாடாவில் பதிவு செய்யவில்லை. நீயும் நானும்தானே கூட இருந்தோம்.

பிறகு இளவட்டங்கள் புதுப் பம்புக்கு ஒரு வரைபடம் கொண்டுவந்தார்கள். கோஹெய் பெட்டியிடம் கேட்டான். 'நான் செஞ்ச மாதிரியே செய்' என்றது. உன் அப்பாவிடம் 'உங்கள மாதிரியே' என்று சொன்னவன் மேல் ஸ்பேனர் பறந்து வரும். என் இடது காதே சாட்சி. குரல்தான் அவருடையது, உள்ளே இருப்பது அவரில்லை என்று கோஹெய்யிடம் சொன்னேன். 'அப்பா தூங்குறாரு, மெதுவாப் பேசுங்க குமா சான்' என்றான்.

அதன்பின் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான். அது பேசும்போது அவன் உதடும் அசைகிறது. முந்துவது அதுவா அவனா என்று ஒரு வாரம் உற்றுப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை புயலில் மின்சாரம் போய்விட்டது. இன்றைக்குத் தப்பித்தோம் என்று பக்கத்தில் நின்றவனிடம் கேலி பேசிக்கொண்டிருந்தேன். சரியாக எட்டு மணிக்குக் குரல் வந்தது. 'எல்லாருக்கும் வணக்கம். இனிமே புதுசா எதுவும் வேண்டாம்.' வந்தது கோஹெய்யின் வாயிலிருந்து, அந்த இருமலோடு. அறுபது பேரும் வழக்கம்போல இடுப்பை வளைத்து வணங்கினோம். நானும்தான். நாற்பது வருடப் பழக்கம், முதுகு என்னைக் கேட்டுக்கொண்டா வளைகிறது? அந்த வணக்கத்தை நாங்கள் கொடுத்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவன் சொந்தக் குரலை யாரும் கேட்கவில்லை.

பங்கும் வேண்டாம் பம்பும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள் நீ. உள்ளே வர வேண்டாம், வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டால் போதும். எங்களுக்கு அவனை முதலாளி என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது யாரென்று இப்போது தெரியவில்லை. 'கோ அண்ணா' என்று கூப்பிட உலகத்தில் உன்னைத் தவிர ஆள் கிடையாது.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். அவனுக்கு அந்தப் பெயர் மறக்கும் முன்னே வந்துவிடு, தாயே.

குமகிச்சி